பொட்டலத்தில் இல்லாத சுவை

மழை பெய்யும் மாலை வேளை. பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் சமையலறையில் காத்திருக்கிறார்கள். அடுப்பில் நீர் கொதிக்கிறது. அம்மா மீ பொட்டலத்தைப் பிரித்துப் போட்டு, மசாலாத் தூளைத் தூவி, முட்டை ஒன்றை உடைத்து ஊற்றுகிறார். கறி மணம் வீடெங்கும் பரவுகிறது. மலேசியாவில் வளர்ந்த பலருக்கு இது மறக்க முடியாத காட்சி. எந்த நிறுவனம் தயாரித்த உடனடி மீயாக இருந்தாலும், அதை ‘மெகி மீ’ என்றே பலரும் அழைக்கும் அளவுக்கு அவ்வுணவு மக்களின் வாழ்வோடு கலந்துவிட்டது.

உடனடி மீயின் கதையும் ஒரு வீட்டில்தான் தொடங்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானில் உணவுப் பற்றாக்குறை நிலவியது. ஒரு கிண்ணம் சூடான மீக்காக மக்கள் குளிரில் வரிசை பிடித்து நின்றதை மொமொஃபுக்கு அண்டோ என்பவர் கண்டார். பின்னர், அவர் தம் வீட்டின் பின்புறத்தில் சிறு கொட்டகை அமைத்து ஆய்வில் இறங்கினார். அவருடைய மனைவி எண்ணெயில் உணவு பொரித்ததைப் பார்த்தபோதுதான் அவருக்கு வழி புலப்பட்டது என்பர். மீயைச் சூடான எண்ணெயில் பொரித்தால் அதிலுள்ள நீர் ஆவியாகிவிடும். நுண்ணிய துளைகள் உண்டாகும். சுடுநீரில் இட்டதும் அத்துளைகளில் நீர் புகுந்து மீ மீண்டும் மென்மையாகும். இம்முறையில் உருவான உடனடி மீ 1958ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது.

இன்று மாமாக் கடைகளில் ‘மெகி கோரேங்’ கிடைக்கிறது. கடைகளில் உடனடி மீ பல சுவைகளில் அடுக்கப்பட்டிருக்கிறது. ஆயினும், “சின்ன வயதில் சாப்பிட்ட சுவை இப்போது இல்லை” என்று பெரியவர்கள் பலர் கூறுகின்றனர். அந்தச் சுவை எங்கே போனது?

அது பொட்டலத்துக்குள் மட்டும் இருக்கவில்லை என்பதே உண்மை. அம்மா இரண்டு பொட்டலத்தை நான்கு பேருக்குப் பகிர்ந்து கொடுத்தார். தோட்டத்துக் கீரையைக் கிள்ளிப் போட்டு அளவைக் கூட்டினார். முட்டையின் மஞ்சள் கரு யாருக்கு என்று அண்ணனும் தங்கையும் சண்டையிட்டனர். பசி, மழை, பகிர்வு, பாசம் ஆகிய அனைத்தும் சேர்ந்ததே அந்தச் சுவை.

இன்றைய நிலை சற்று வேறு. பெற்றோர் இருவரும் வேலைக்குச் செல்லும் இல்லங்களில், பிள்ளைகள் தாங்களே மீயைச் சமைத்து, கைப்பேசியைப் பார்த்தபடி தனியே உண்கின்றனர். நேரம் கழித்து வீடு திரும்பும் பெற்றோரைக் குறை கூறுவது முறையன்று. ஆனால், எப்போதாவது கூடி உண்ட உணவு, அடிக்கடி தனியே உண்ணும் உணவாக மாறுவது கவலைக்குரியது.

உடல்நலத்தையும் மறந்துவிடக்கூடாது. பெரியவர் ஒருவர் நாள் ஒன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாகவே உப்பு உட்கொள்ள வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. உடனடி மீயில் உப்பு மிகுதி. அதில் பெரும்பகுதி மசாலாத் தூளில்தான் உள்ளது. இதனால், உடனடி மீயை வீட்டிற்குள்ளேயே விடக்கூடாது என்று சிலர் வாதிடுகின்றனர். முற்றாகத் தடுப்பதைவிட அளவறிந்து உண்ணப் பழக்குவதே சிறந்தது. தூளில் பாதியை மட்டும் சேர்க்கலாம். கீரையும் முட்டையும் கூட்டலாம். சாற்றைக் குடிக்காமல் விடலாம். ‘அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு’ என்பது மெகி மீக்கும் பொருந்தும்.

பழைய சுவையை மீட்கவும் வழி உண்டு. வேலை முடிந்து களைத்து வரும் அம்மாவுக்காக ஒருநாள் பிள்ளைகள் அடுப்பை மூட்டட்டும். முட்டை உடைத்து ஊற்றி, கீரை சேர்த்து, ஒரே மேசையில் அமர்ந்து பகிர்ந்து உண்ணட்டும். மஞ்சள் கருவை அம்மாவின் கிண்ணத்தில் வைக்கட்டும். அன்றைய மெகி மீயின் சுவையை அந்த வீட்டில் எவரும் மறக்கமாட்டார்.