அருவாளைத் தேய்க்காதீங்க, முத்திரையைப் பாருங்க!

கொஞ்சம் நீளமான பதிவு. ஆடித் திருவிழா வேலை தொடங்குறதுக்கு முன்னாடி கோயில் நிர்வாகத்தில் இருக்கிறவங்க ஒரு தடவை முழுசாப் படிச்சிடுங்க.

எங்கள் தொண்டர் குழுவின் புலனத்தில் இப்போது இத்தாலியக் கத்தி வீடியோக்கள்தான் ஓடுகின்றன. பொத்தானை அமுக்கினால் அலகு சட்டென்று வெளியே வருமே, அந்தக் கத்திகள். வட இத்தாலியில் மனியாகோ என்று ஓர் ஊர். தலைமுறை தலைமுறையாகக் கத்தி செய்கிற ஊர், கத்திக்கென்றே அங்கே அருங்காட்சியகம்கூட இருக்கிறது. அங்கே கையால் செய்த பழைய கத்தி ஒன்று கிடைத்தால், சேகரிப்பாளர்கள் முதலில் பார்ப்பது கூர்மையை அல்ல. அலகின் அடியில், பிடிக்குப் பக்கத்தில் அடித்திருக்கும் முத்திரையைத்தான் பார்க்கிறார்கள். செய்தவர் யார், அலகு பிற்பாடு மாற்றப்பட்டதா, கொம்புப் பிடி அசலா என்றெல்லாம் பூதக்கண்ணாடி வைத்துத் துருவுகிறார்கள். விலையே அந்தச் சின்ன எழுத்தில்தான் இருக்கிறது.

தம்பிகளே, அந்தக் கத்தியை வாங்கச் சொல்லி இதை எழுதவில்லை. மாநிலம் விட்டு மாநிலம் அதை விற்கக் கூடாது என்று அமெரிக்கா 1958-இல் சட்டம் போட்டது. நம் நாட்டின் ஆபத்தான ஆயுதங்கள் சட்டமும் அதே 1958-இல் வந்ததுதான். தகுந்த காரணம் இல்லாமல் பொது இடத்தில் கத்தியோடு நின்றால் வழக்குதான், "சாமி கத்தி சார்"னு சொன்னாலும் எடுபடாது. ஆசையை அங்கேயே விட்டுடுங்க. அவங்க பார்க்கிற பார்வையை மட்டும் எடுத்துக்குங்க.

ஏன்னா, அதே மாதிரி கையால் அடித்த இரும்பு நம் தோட்டக் கோயில்களில் முனீஸ்வரர் காலடியில், மதுரை வீரன் பக்கத்தில், கருப்பர் கையில் நிற்கிறது. பீடோங், சுங்கை பட்டாணி, கூலிம், பாடாங் செராய், கோல கெட்டில் என்று எந்தப் பக்கம் போனாலும் பழைய அரிவாள் இல்லாத காவல் தெய்வக் கோயிலைப் பார்ப்பது அரிது. அரிவாளுக்குப் பேர்போன திருப்பாச்சேத்தி சிவகங்கைச் சீமையில் இருக்கிறது. அந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து கப்பலேறி வந்தவர்களின் நேர்த்திக்கடன் இவற்றில் இருக்கலாம். இங்கேயே லாரி ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி அடித்தவையும் இருக்கலாம். எது எதுவென்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி அந்த இரும்புதான்.

நாங்கள் பார்த்த சில அரிவாள்களில் பிடிக்கு மேலே மூன்று புள்ளி, ஒரு பிறை, தேய்ந்துபோன ஓர் எழுத்து என்று ஏதோ ஒன்று இருக்கிறது. காய்ந்த இரும்பில் அடித்த முத்திரை என்றால் பள்ளத்தின் ஓரம் லேசாக மேடு தட்டி மழுங்கியிருக்கும். பின்னால் மிஷினில் கீறியது வெட்டினாற்போல் கூராக இருக்கும். கையால் அடித்த அலகில் கனம் ஒரே சீராக இருக்காது, சுத்தியல் பட்ட தழும்பு தெரியும். தகட்டில் அறுத்து எடுத்தது முழுக்க ஒரே கனம்.

ஆனால் நடக்கிறது என்ன? திருவிழாவுக்குப் பளபளப்பா இருக்கணும்னு கிரைண்டர் போட்டுத் தேய்க்கிறாங்க. முத்திரை போயிடுது. மேலே வெள்ளி பெயின்ட் அடிக்கிறாங்க. தோட்டம் கைமாறி கோயிலை இடம் மாற்றும்போது "பழசு தம்பி, தூக்கிப் போடு"ன்னு பழைய இரும்புக் கடைக்கு எடை போடுறாங்க. துண்டாடலைத் தடுக்கத்தான் 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அது வாங்கிய முதல் தோட்டம் நம் கெடாவின் புக்கிட் சீடிம். நிலத்துக்குப் பத்திரம் உண்டு. லயத்தில் வாழ்ந்தவர்கள் சாமிக்குக் கொடுத்த பொருளுக்கு எந்தப் பதிவும் இல்லை.

2013-இல் பூஜாங் பள்ளத்தாக்கில் 11-ஆம் எண் சண்டி இடிக்கப்பட்ட செய்தி வந்தபோது நாமெல்லாம் கொதித்தோம். அதே சுங்கை பத்து வட்டாரத்தில்தான் பழங்காலத்தில் இரும்பு உருக்கிய உலைகளும் ஊதுகுழாய்களும் தோண்டி எடுக்கப்பட்டன. அந்த இரும்பை ஆய்வாளர்கள் பார்த்துக்கொள்வார்கள். நம் கோயில் இரும்பை நம்மைத் தவிர யார் பார்ப்பார்கள்?

"சாமி பொருளை அளக்கலாமா, படம் எடுக்கலாமா?" என்று சில பெரியவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பூசாரி ஐயாவிடம் உத்தரவு கேட்டு, பூசை முடித்து, அவர் கையாலேயே எடுக்கச் சொல்லுங்கள். கொடுத்தவர் பெயரை நினைவில் வைப்பது எந்தச் சாமிக்கும் குற்றமாகாது. கிரைண்டரில் தேய்த்து அழிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். மெல்லிய துணியால் தூசியைத் துடையுங்கள். முத்திரை இருக்கும் இடத்தில் கொஞ்சம் விபூதி தடவி, டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் படம் எடுங்கள், எழுத்து எழும்பித் தெரியும். பிறகு விபூதியைச் சுத்தமாகத் துடைத்து எண்ணெய் பூசுங்கள். நீளம், எடை, எந்தத் தோட்டம், யார் வேண்டுதல் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, கோயில் கணக்கோடு வையுங்கள். காசு கொடுத்து வாங்க வருகிறவரிடம் "விற்பனைக்கு இல்லை" என்று சொல்லிவிடுங்கள். முத்திரையின் படத்தைப் பொதுவில் போடலாம். கோயில் இருக்கும் இடத்தையும் அரிவாள் வைத்திருக்கும் இடத்தையும் மட்டும் போடாதீர்கள்.

முக்கியமா, பால் வெட்டின கையோட நம்ம பாட்டிமார் இன்னும் சிலர் இருக்காங்க. "இதை யார் கொடுத்தது பாட்டி?"ன்னு இந்த ஆடியிலேயே கேட்டுடுங்க. முத்திரை துருப்பிடிக்க நாளாகும். அவங்க ஞாபகத்துக்கு அவ்வளவு நாள் இல்லை.