கரிசலில் இறங்கும் கற்கள்

மதுரையிலிருந்து தூத்துக்குடி செல்லும் பெருஞ்சாலை நான்கு வழியாக அகன்ற பின், அருப்புக்கோட்டையைச் சூழ்ந்த கரிசற்காடுகளில் ஏர் இறங்குமுன் மனைக்கல் இறங்குகின்றது. திருச்சுழிப் பக்கமும் அதே நிலை பரவி வருகின்றது. பருத்தியும் குதிரைவாலியும் உளுந்தும் மல்லியும் விளைந்த மண்ணுக்குக் 'கார்டன்' என்றும் 'சிட்டி' என்றும் அயன்மொழிப் பெயர்கள்! பயிர் போன இடத்தில் தமிழும் போய்விடுகின்றது.

ஆளுவோர் ஏட்டில் இந்நிலம் புன்செய். நன்செய் என்றால் சற்றே தயங்கும் கை, புன்செய் என்றதும் ஒப்பமிட விரைகின்றது. மழை பொய்த்த ஆண்டில் சீமைக்கருவேல் மண்டிக் கிடப்பதைக் கண்டு பாழ்நிலம் என்போர் அதன் இயல்பறியாதவர். ஐப்பசி, கார்த்திகை மழையைக் குடித்து வைத்திருந்து, வானம் வெளுத்த பின்னும் பயிருக்கு ஊட்டுவது கரிசல். நனைந்தால் விம்மும், காய்ந்தால் வெடிக்கும். அவ்வெடிப்பின் வழியே அடுத்த மழை ஆழம் புகும். உழவனுக்கு நலம் தரும் அவ்வியல்பே வீட்டுச் சுவருக்குக் கேடு. மண்ணறிந்து கடைகால் இடாத வீடு அங்கே விரிசலின்றி நிற்பதரிது. மனை வாங்குவோர்க்கு இதனை எடுத்துச் சொல்வார் யார்?

மனைப்பிரிவுக்கு ஒப்புதல் வழங்குமுன் சாலையின் அகலம் அளக்கப்பெறுகின்றது. பெரிய பிரிவாயின் பத்தில் ஒரு பங்கு திறந்தவெளியாகக் கேட்கப்பெறுகின்றது. இவை வேண்டியனவே. ஆயின், மேட்டுப் புன்செயில் விழுந்த மழை ஓடையாகி, வரத்துக்கால் வழியே கண்மாய் நிறைத்து, மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்கும் முடிவில் குண்டாற்றுக்கும் செல்வதன்றோ இப்பகுதியின் நீரமைப்பு! மேட்டில் வரத்துக்காலை மண்ணிட்டு நிரவினால் தாழ்நிலத்து ஊரின் கண்மாய் வறளும். அவ்வூர் உழவனின் இசைவைப் பெறுமாறு எச்சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை.

ஒப்புதலின்றிப் பிரித்த மனைகளைப் பதியக் கூடாதெனச் சென்னை உயர் அறமன்றம் 2016 செப்டம்பர் 9ஆம் நாள் தடுத்தது. மறு ஆண்டே தடை தளர்ந்தது. 2016 அக்டோபர் 20க்கு முன் பிரித்தவற்றைக் கட்டணம் பெற்று முறைப்படுத்த 2017இல் அரசு நெறி வகுத்தது. தவற்றுக்கு விலை குறித்தபின் தவறு குறையுமா? 2025 சனவரி 5ஆம் நாள் விருதுநகர் மாவட்டத்து ஊராட்சிகளின் பொறுப்புக்காலம் முடிந்து, தேர்தல் நடவாமல், தனி அலுவலரிடம் ஆட்சி சென்றது. ஊர் தேர்ந்தெடுத்தவர் இல்லாத நாள்களில் ஊர்நிலம் பற்றிய முடிவுக்கு ஊரார்க்கு விடை சொல்ல எவர் உளர்?

குடியிருக்க வீடு வேண்டா என்பார் எவருமிலர். தறியை நம்பி வாழும் அருப்புக்கோட்டை நெசவாளர்க்கும் தமக்கென ஒரு மனை வேண்டும். கடன் தாளாது நிலத்தை விற்கும் உழவனைப் பழித்தலும் முறையன்று. விளைச்சலுக்குரிய விலை கிடைத்திருப்பின் அவன் விற்றிரான். வேண்டுவது இதுவே: கல் நடுமுன், புல எண்ணும் வரத்துக்காலும் காட்டும் வரைபடம் தமிழில் ஊரவை முன் வைக்கப்பெற வேண்டும். நீர் சென்று சேரும் ஊரும் அழைக்கப்பெற வேண்டும். ஏற்பாயினும் மறுப்பாயினும் கரணியம் தமிழில் எழுதப்பெற வேண்டும். 1956இலேயே தமிழை ஆட்சிமொழியாக்கிச் சட்டம் செய்த நாட்டில் இது பெருங்கேள்வி அன்று.

கிராம சபை என அரசு அழைக்கும் ஊரவைக்கு 2022 முதல் ஆண்டுக்கு ஆறு நாள் குறிக்கப்பெற்றது. நிலம் கைமாறிய பின் எழும் குரல் பதிவகத்தில் எடுபடாது. அடுத்த ஊரவையில் கரிசல் உழவர் தம் புல எண்ணோடு எழுந்து நின்று கேட்பாராக!