கடையடைப்பு நாளும் கண்ணாடித் தொட்டி மீன்களும்

ஆண்டுதோறும் மே மாதம் 4-ஆம் தேதி வாக்கில் கத்திரி வெயில் தொடங்குகிறது. மறுநாள், மே 5, வணிகர் தினம். தமிழகம் முழுவதும் நாம் கடைகளை அடைத்துவிட்டு மாநாட்டுக்குச் செல்கிறோம். ஷட்டரை இறக்கிப் பூட்டு போடும் முன் கல்லாவை எண்ணுகிறோம், தராசைத் துடைக்கிறோம், மெயின் சுவிட்சை அணைக்கிறோம். கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் மீன் தொட்டியை மட்டும் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. காற்று போகாத கடைக்குள், காய்ந்த இரும்பு ஷட்டருக்குப் பின்னால், அது ஒரு முழுப் பகல் வெந்துகொண்டிருக்கிறது. மறுநாள் காலை கடை திறக்கும்போது மீன்கள் மிதக்கின்றன.

"முப்பது ரூபாய் மீன்தானே, வேறு வாங்கிக்கொள்ளலாம்" என்பார்கள் சிலர். "இதற்கென்று ஒரு சில்லர் மெஷின் வாங்கினால்தான் முடியும், நமக்குக் கட்டுப்படியாகாது" என்பார்கள் வேறு சிலர். இரண்டு பேச்சும் சரியல்ல என்பதே என் கருத்து. உயிருள்ளதைக் கடையில் வைத்துக்கொண்டால் அதற்கு உரிய பொறுப்பும் கூடவே வருகிறது. அந்தப் பொறுப்பை நிறைவேற்றப் பெரிய செலவும் தேவையில்லை.

சூடு ஏன் மீனைக் கொல்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். நீர் சூடாக ஆக, அதில் கரைந்து நிற்கும் பிராணவாயு குறைகிறது. 25 டிகிரியில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் ஏறத்தாழ 8.3 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். 35 டிகிரியில் 7 மில்லிகிராம் அளவே தாங்கும். அதே நேரத்தில் சூட்டில் மீனின் உடல் வேகமாக இயங்கி, அதிகப் பிராணவாயு கேட்கிறது. வரவு குறைந்து செலவு கூடினால் கடை என்ன ஆகும் என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. போதாக்குறைக்கு, தின்னாமல் கிடக்கும் தீனி சூட்டில் விரைவாக அழுகி, மிச்சமிருக்கும் பிராணவாயுவையும் உறிஞ்சிவிடுகிறது. மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், அது பசி அல்ல, மூச்சுத் திணறல். அப்போது தீனி போடுவது எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றுவதாகும்.

இதற்குப் பாடம் கற்க வெளியூர் போக வேண்டாம். பழவேற்காடு ஏரியே நமக்குக் கண்முன் உள்ள பெரிய தொட்டி. இந்தியாவில் சிலிக்காவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி இது. பரப்பு பெரிதாயினும் ஆழம் பல இடங்களில் ஒரு மீட்டர் அளவே. இவ்வளவு ஆழமற்ற நீர் கோடையிலும் மீனைக் காப்பாற்றுவதற்குக் காரணம் இரண்டு: மேலே வீசும் காற்று, முகத்துவாரம் வழியாக ஏறி இறங்கும் கடல் நீர். மணல் சேர்ந்து முகத்துவாரம் தூர்ந்துபோனால் நீரோட்டம் நிற்கும், வெயிலில் நீர் வற்றும், உப்பு ஏறும், மீன்பாடு குறையும். அதனால்தான் முகத்துவாரம் எப்போதும் திறந்திருக்க வேண்டும் என்று மீனவக் குப்பங்கள் நெடுங்காலமாகக் கேட்டு வருகின்றன. நம் கண்ணாடித் தொட்டி, முகத்துவாரம் அடைபட்ட ஏரி. அதற்குக் காற்றையும் புது நீரையும் நாம்தான் கொடுக்க வேண்டும்.

இன்னொரு பாடம் நண்டு வியாபாரத்தில் இருக்கிறது. சேற்று நண்டு உயிரோடு இருந்தால்தான் விலை. அதைக் கட்டி, கூடையில் அடுக்கி, மேலே ஈரக் கோணி போட்டு நிழலில் வைக்கிறார்கள். ஈரம் காற்றில் உலரும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே முறையில்தான்.

இதைக் கணக்கில் போட்டுப் பார்ப்போம். மூன்றடி நீளமுள்ள தொட்டியில் சுமார் 100 லிட்டர் நீர் பிடிக்கும். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 80 கிலோகலோரி சூட்டை எடுக்கும். அதாவது அந்தத் தொட்டியில் ஒரு டிகிரிகூடக் குறையாது. ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போதோ சுமார் 580 கிலோகலோரி போகிறது. ஒரு லிட்டர் ஆவியாவது ஏழு கிலோ ஐஸ் உருகுவதற்குச் சமம். ஐஸுக்குக் காசு கொடுக்க வேண்டும். ஆவியாவதற்கு ஒரு விசிறி போதும்.

தொட்டியின் கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு, மீன் துள்ளி வெளியே விழாமல் இருக்க வலை கட்டி, நீரின் மேல்மட்டத்தில் படும்படி சிறு விசிறி வையுங்கள். கம்ப்யூட்டரில் இருக்கும் 12 வோல்ட் விசிறி மூன்று வாட் அளவே இழுக்கும். இரவு பகலாக ஓடினாலும் மாதம் இரண்டு யூனிட்டுக்குச் சற்றுக் கூடுதல். 60 வாட் டேபிள் ஃபேனைப் பகலில் பத்து மணி நேரம் ஓட்டினால் மாதம் 18 யூனிட். சில்லர் நீரை நன்றாகக் குளிர்விக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் அதன் விலை பல ஆயிரம். மின்சாரச் செலவு தனி. தொட்டியில் எடுத்த சூட்டை நம் கடைக்குள்ளேயே கக்கும். கடல்மீனும் பவளமும் வளர்ப்பவருக்கு அது தேவைப்படலாம். மளிகைக் கடைத் தொட்டிக்குத் தேவையில்லை.

விசிறிக்கும் ஒரு எல்லை உண்டு. நமது கடற்கரை ஊர்களில் காற்றிலேயே ஈரம் மிகுதி. உலர்ந்த மேல்காற்று வீசும் முற்பகலில் விசிறி நன்றாக வேலை செய்யும். கடற்காற்று ஏறிய பிறகு பலன் குறையும். இரண்டு மூன்று டிகிரி குறைந்தால் போதுமென்று திருப்தி அடைய வேண்டும். திணறும் மீனுக்கு அந்த இரண்டு டிகிரியே உயிர். குறைந்த நீருக்கு ஈடாகத் தினமும் நீர் ஊற்ற வேண்டும். ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். ஆகவே உப்புப் பிடித்த போர் தண்ணீரை ஊற்றாமல் நல்ல தண்ணீரையே ஊற்ற வேண்டும்.

காசே இல்லாமல் செய்யக்கூடியவையும் பல உண்டு. குளிர்பானப் பெட்டியின் முதுகுப்புறம் சூட்டைக் கக்கும். தொட்டியை அதன் அருகே வைக்கக் கூடாது. மேற்கு வெயில் படும் வாசலிலும் வைக்கக் கூடாது. தொட்டி விளக்கைப் பகலில் அணைத்துவிடலாம். கோடையில் தீனியைப் பாதியாகக் குறைக்கலாம். மாடித் தொட்டி நீர் மதியம் கொதிக்கும், விடியற்காலையில்தான் குளிர்ந்திருக்கும். அந்நேரத்தில் பிடித்து, திறந்த வாளியில் ஒரு நாள் வைத்து, மறுநாள் விடியலில் தொட்டி நீரில் கால் பங்கை மாற்றலாம். ஐஸ் கட்டியை நேரே போடுவது கூடாது. திடீர்க் குளிர்ச்சியும் மீனுக்குக் கேடுதான். மின்சாரம் போன அவசரத்திற்கு, மூடிய பாட்டிலில் உறைய வைத்த நீரை மிதக்க விடலாம். கூடவே குவளையால் தொட்டி நீரை மொண்டு உயரத்திலிருந்து திரும்ப ஊற்றினால் பிராணவாயு கலக்கும்.

வாங்கும்போதே ஊருக்கு ஏற்ற மீனை வாங்குவது எல்லாவற்றிலும் சிக்கனம். கோல்டு பிஷ் குளிர்ந்த நீரின் மீன். நம் கோடை அதற்குத் தண்டனை. மோலி, கப்பி, கௌராமி ஆகியவை சூட்டைத் தாங்கும். கௌராமியும் பைட்டரும் நீருக்கு மேலே வந்து காற்றையே சுவாசிக்கக்கூடியவை. எதை வாங்கினாலும் தொட்டியில் எண்ணிக்கை குறைவாக இருக்கட்டும்.

இனி மே 5-க்கு வருவோம். கடை அடைத்தாலும் பாலும் தயிரும் ஐஸ்கிரீமும் கெடாமலிருக்க ஃபிரிட்ஜ் லைனை நாம் அணைப்பதில்லை. தொட்டியின் ஏர் மோட்டாரையும் சிறு விசிறியையும் அதே லைனில் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. முதல் நாள் மாலை நீரை நிரப்பி, கண்ணாடியின் மூன்று பக்கமும் ஈரத் துணி போர்த்துங்கள். இரண்டு நாளைக்குச் சேர்த்துத் தீனி கொட்டிவிட்டுப் போகாதீர்கள். வளர்ந்த மீன் இரண்டு மூன்று நாள் பட்டினியைத் தாங்கும். அழுகிய நீரைத் தாங்காது. தீபாவளி, பொங்கல், குலதெய்வக் கோயில் பயணம் என்று கடை பூட்டும் எல்லா நாளுக்கும் இதுவே முறை.

மீனும் தொட்டியும் விற்கும் அங்காடிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. கொளத்தூர் மொத்தக் கடைகளில் மீனை அனுப்பும்போது பையில் பிராணவாயு அடைத்து அனுப்புகிறார்கள், சரக்கு உயிரோடு போய்ச் சேர வேண்டும் என்பதால். அந்த அக்கறை சில்லறைக் கடையோடு நின்றுவிடக் கூடாது. ஏப்ரல், மே மாதங்களில் ஒரு குழந்தையின் கையில் சிறு கிண்ணத்தில் இரண்டு கோல்டு பிஷ்ஷைக் கொடுத்து அனுப்பினால், ஒரு வாரத்தில் அந்த வீட்டில் அழுகை; அதன்பின் அந்த வாடிக்கையாளர் நம் கடைப் பக்கம் வருவாரா? "இந்த மீன் வெயிலுக்குத் தாங்காது, இதை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். எடை குறையாமல் நிறுப்பது எப்படி வணிக நாணயமோ, அப்படியே இதுவும் நாணயம்.

இவ்வாண்டு கடையடைப்புக்கு முன், மெயின் சுவிட்சில் கை வைக்கும்போது ஒருமுறை தொட்டிப் பக்கம் திரும்பிப் பாருங்கள் என்று வணிகப் பெருமக்களைக் கேட்டுக்கொள்கிறேன்.