கோலியில பழி போடுறது சுகம்

எங்களில் சிலருக்கு ஸ்காபரோவில மச்சான்மார், மச்சாள்மார் இருக்கினம். ரொறன்ரோவில் ஏப்ரல், மே மாதங்களில் இரவு ஏழு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் இங்கே விடியப்புறம் நாலரைக்கு. அவையளோட சேர்ந்து ஃபோன் வெளிச்சத்தில பார்க்கத் தொடங்கின ஐஸ் ஹொக்கி, இப்ப எங்களையும் பிடிச்ச வியாதி. அதுவும் 1967க்குப் பிறகு ஸ்டான்லி கிண்ணத்தை வெல்லாத மேப்பிள் லீஃப்ஸ் அணியில் பிடிச்ச வியாதி. ஒவ்வொரு முறை தோற்கும்போதும் வட்ஸ்அப் குழுவில் வரும் முதல் செய்தி ஒன்றுதான்: "கோலி சரியில்ல. நல்ல கோலி ஒராள் இருந்தா கப் எங்களுக்குத்தான்." (கோல் காப்பாளரை அங்கே அப்படித்தான் சொல்லுவினம்.)

இந்த வசனத்தில் பாதி உண்மை இருக்கிறது. அதை முதலில் ஒத்துக்கொள்ளுவம்.

ஒரு அணிக்கு ஆட்டமொன்றில் ஏறக்குறைய 30 அடிகள் வலையை நோக்கி வரும் என்று வைப்போம். நூறில் 90ஐத் தடுப்பவர் சுமாரான ஆள். 91.5ஐத் தடுப்பவர் நல்ல ஆள். பார்த்தால் ஒன்றரை வீத வித்தியாசம்தான். ஆனால் 82 ஆட்டங்களுக்குப் பெருக்கிப் பாருங்கோ, 37 கோல் வருகிறது. வேறெந்த இடத்தில் விளையாடும் தனி ஒருவரும் இவ்வளவு பெரிய வித்தியாசத்தைத் தருவது அரிது.

கதைகளும் அதையே சொல்கின்றன. 1971இல் கென் டிரைடன் ஆறே ஆறு லீக் ஆட்டங்கள் விளையாடின புதுப் பொடியன். அவரை நம்பி மொன்றியல் அணி பிளேஓஃபுக்குள் இறங்கியது. முதல் சுற்றிலேயே அந்தப் பருவத்தில் கோல்களைக் குவித்த பொஸ்டனை ஏழாவது ஆட்டம்வரை இழுத்து வீழ்த்தி, கிண்ணத்தையும் தூக்கியது. 1998 நாகானோ ஒலிம்பிக் அரையிறுதியில் கனடாவின் ஐந்து பெனால்டிகளையும் டொமினிக் ஹாஷெக் தடுத்தார். இறுதியில் ரஷ்யாவுக்கு ஒரு கோலும் விடவில்லை. செக் குடியரசு 1-0 என்று தங்கம் வென்றது. அந்த ஆளை என்எச்எல் அணிகள் 1983 தேர்வில் 199ஆவது ஆளாகத்தான் எடுத்தவை என்பதையும் சொல்லவேணும்.

எங்கட சண்டை இந்தக் கடைசி விஷயத்தில்தான் தொடங்குகிறது. நல்ல கோலி வேணும் என்பது சரி. ஆனால் யார் நல்ல கோலி, அதுவும் அடுத்த மே மாதத்தில் யார் நல்ல கோலி என்பதை முன்கூட்டியே ஆருக்குத் தெரியும்? 2000ஆம் ஆண்டுத் தேர்வில் முதலாவது ஆளாக ரிக் டிபியெட்ரோ என்ற கோலியை எடுத்தார்கள். பிறகு 15 வருட ஒப்பந்தமும் கொடுத்தார்கள். காயங்கள் அவரைத் தின்றுவிட்டன. அதே தேர்வில் 205ஆவது ஆளாக வந்த ஹென்றிக் லுண்ட்க்விஸ்ட் நியூயோர்க் ரேஞ்சர்ஸின் தூணாகவே நின்றார். அவ்வளவு நல்ல கோலி இருந்தும் ரேஞ்சர்ஸுக்கு அவருடைய காலத்தில் கிண்ணம் கிடைக்கவில்லை.

2025ஐ எடுங்கோ. வினிபெக்கின் கொனர் ஹெலபக் அந்தப் பருவத்தின் சிறந்த கோல் காப்பாளர் மட்டுமில்லை, லீக்கின் மிகப் பெறுமதியான வீரரும் அவர்தான். அதே மனுசனை செயின்ட் லூயிஸுடனான முதல் சுற்றில், அவையின்ட மைதானத்தில் நடந்த மூன்று ஆட்டங்களிலும் இடைநடுவில் வெளியே எடுக்க வேண்டி வந்தது. வினிபெக் அந்தச் சுற்றைத் தப்பிப் பிழைத்து அடுத்த சுற்றில் போனது. 2024 இறுதிச் சுற்றில் புளோரிடாவின் பொப்ரொவ்ஸ்கி, எட்மண்டனிடம் 8-1 என்று தோற்ற நாலாவது ஆட்டத்தில் பாதியில் வெளியேறினார். அதே பொப்ரொவ்ஸ்கி ஏழாவது ஆட்டத்தில் ஒரே ஒரு கோல் விட்டு கிண்ணம் தூக்கினார். ரெண்டு வாரத்துக்குள்ள ஒராள் கெட்ட கோலியாகி, திரும்ப நல்ல கோலியாக மாறுறாரோ? 2023இல் வேகாஸ் அணிக்கோ, பிளேஓஃப் நடுவில் முதல் ஆள் காயப்பட்டதால் உள்ளே வந்த ஏடின் ஹில் போதுமாக இருந்தார்.

எங்களுக்குப் பிடித்த சாட்சி ஒன்று இருக்கிறது. லீஃப்ஸ் ரசிகர்களுக்கு அதைச் சொன்னால் கோபம் வரும், அதனால்தான் அடிக்கடி சொல்லுறம். 2020 பெப்ரவரி 22, ரொறன்ரோ. கரோலினா அணியின் இரண்டு கோலிகளும் அடுத்தடுத்துக் காயப்பட்டார்கள். அப்படி நடந்தால் மைதானத்தில் தயாராக வைத்திருக்கும் அவசரகால கோலி இறங்கவேணும் என்பது அப்போதைய விதி. இறங்கினவர் டேவிட் அயர்ஸ். வயது 42, சிறுநீரக மாற்றுச் சிகிச்சை செய்தவர், பனித்தளத்தைச் சீராக்கும் சம்போனி வண்டி ஓட்டுறவர். முதல் வந்த ரெண்டு அடியும் கோல். எங்கட மச்சான் அப்பவே வெற்றியைக் கொண்டாடத் தொடங்கிவிட்டான்.

அதுக்குப் பிறகு ஒரு கோலும் போகவில்லை. மிச்சம் எட்டையும் அயர்ஸ் தடுத்தார், கரோலினா 6-3 என்று வென்றது. கதையை எல்லாரும் அயர்ஸின் அதிசயமாகத்தான் சொல்லுகினம். அதிசயம்தான், மறுக்கவில்லை. ஆனால் எண்ணிக்கையைப் பாருங்கோ: அரை மணித்தியாலத்துக்குக் கிட்ட விளையாடின ஆளுக்கு வந்ததே பத்து அடி. பின்னுக்கு நிற்பது யார் என்று தெரிந்தவுடன் கரோலினாவின் மற்ற ஐந்து பேரும் பக்கை அவருக்குக் கிட்ட வரவிடாமல் விளையாடினார்கள். கோடிக் கணக்கில் டொலர் வாங்கும் கோலி நிற்கும்போது அப்படி விளையாட மனம் வராது, 'அவர் பார்த்துக்கொள்வார்' என்று விட்டுவிடுவார்கள்.

தற்காப்பு வீரர் பக்கை நழுவ விட்டால் அது கணக்கில் பெரிதாக விழாது. நடுவில் ஒருவர் சோம்பலாகத் திரும்பி வந்தால் கமெராவும் காட்டாது. சிவப்பு விளக்கு எரிவது கோலியின் தலைக்குப் பின்னால் மட்டும்தான். அது எரியிற நேரம் எல்லாக் கண்ணும் அங்கேதான் போகும், எங்கட கண்ணும் சேர்த்து.

போன முறை தோற்றபோதும் மச்சானின் அதே செய்தி வந்தது. நாங்கள் திருப்பி ஒன்றுதான் கேட்டம்: அந்த ரெண்டாவது கோலுக்கு முன்னால், நீல கோட்டில பக்கை விட்டவன் ஆர்? ரெண்டு நீல டிக் விழுந்தது. பதில் இன்னும் வரேல்லை.