தாளப் பொத்தானை அணைத்துவிட்டு வாசியுங்கள்



நம்மவர் வீடுகளில் முன்பு தையல் மிஷின் இருந்த மூலையில் இன்று பல இடங்களில் கீ போர்டு இருக்கிறது. பிள்ளையின் பிறந்தநாளுக்கு ஆசையோடு வாங்குகிறோம். ஆறு மாதம் வகுப்புக்கு அனுப்புகிறோம். பிள்ளை இரண்டு மூன்று சினிமாப் பாட்டுகள் கற்றுக்கொள்கிறது. வலது கை மெட்டை வாசிக்கும். இடது கை ஒரு விரலை மட்டும் ஊன்றி நிற்கும். தாளம், கித்தார், பேஸ் எல்லாவற்றையும் மெஷினே போட்டுவிடும். விழாவில் கைதட்டல் கிடைக்கும். பிறகு பத்தாம் வகுப்பு வந்துவிடும்; கீ போர்டின் மேல் ஒரு துணி விழும். அதற்குப் பிறகு அது எழுந்திருப்பதில்லை.

இதில் கருவியின் குற்றம் ஒன்றுமில்லை என்பதே என் கருத்து. கடைக்காரர் கீ போர்டு என்று விற்றாலும் உள்ளே இருப்பது சிந்தசைசர்தான். அதைக் கொண்டு ஒரு பிள்ளை 300 ஆண்டுகளுக்கு முன் பாக் எழுதிய முறையில் சொந்தமாக இசை எழுதக் கற்றுக்கொள்ள முடியும். தங்கவயலில் வாழும் நமக்கு அப்படிக் கற்றுக்கொள்ள வேறு யாரையும் விட அதிகக் காரணம் உண்டு. எப்படி என்று சொல்கிறேன்.

என் சிறு வயதில், 1970களில், இங்கே கோயில் பாடகர் குழுவில் டெனர் பாடியிருக்கிறேன். சுரங்கத்தில் முதல் ஷிப்ட் முடித்து வந்தவர்கள் குளித்துவிட்டு மாலையில் ஒத்திகைக்கு வருவார்கள். பெண்கள் சொப்ரானோ, ஆல்ட்டோ. ஆண்கள் டெனர், பேஸ். பலருக்குப் பள்ளிப்படிப்பு அதிகம் கிடையாது. ஆனாலும் தன் குரலுக்குரிய வரியை மட்டும் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் நிற்பவர் வேறு வரி பாடும்போது தடுமாறாமல் நிற்கத் தெரியும். அது சாமானியமான திறமையல்ல.

2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. குடும்பங்கள் சிதறின. மிச்சமிருந்தவர்களின் பிள்ளைகள் விடியற்காலையில் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். ஒத்திகைக்கு யார் வருவது? ஆல்ட்டோ பாடியவர் போனார், பேஸ் பாடியவர் போனார். அந்த இடத்தை நிரப்பக் கீ போர்டு வந்தது. இப்போது எல்லோரும் ஒரே மெட்டைப் பாடுகிறார்கள். கருவி கார்டு பிடிக்கிறது. நிறைவாக இருப்பதுபோல்தான் காதுக்குத் தோன்றும். ஆனால் நான்கு பேர் நான்கு வழியில் நடந்து ஒரே இடத்தில் சேர்ந்த அந்த இன்பம் அதில் இல்லை.

அந்த இன்பத்துக்குத்தான் ஐரோப்பிய இசையில் கவுண்டர்பாயிண்ட் என்று பெயர். ஏறத்தாழ 1600 முதல் 1750 வரையிலான காலத்தைப் பரோக் காலம் என்கிறார்கள். அதன் உயிர்நாடி இதுதான். ஒரு மெட்டும் அதற்குத் துணையாகச் சில ஸ்வரங்களும் என்ற ஏற்பாடு அல்ல. மேலே ஒரு மெட்டு, கீழே இன்னொரு மெட்டு. இரண்டும் முழு மெட்டுகள்.

எனக்குத் தெரிந்த ரயில்வே வழியில் விளக்குகிறேன். கண்ட்ரோல் ஆபீஸில் ஒரு கிராஃப் தாள் இருக்கும். ஒரு பக்கம் ஸ்டேஷன்கள், மறுபக்கம் மணி நேரம். ஒவ்வொரு ரயிலும் அதில் ஒரு கோடு. வேக வண்டியின் கோடு செங்குத்தாகப் போகும், சரக்கு வண்டியின் கோடு சாய்ந்து போகும். ஒற்றைப் பாதையில் எதிரெதிராக வரும் இரண்டு கோடுகள் ஸ்டேஷனில்தான் சந்திக்க வேண்டும். நடுவழியில் சந்தித்தால் விபத்து. பாக்கின் இரு குரல் இசையும் இப்படித்தான். ஒவ்வொரு குரலுக்கும் அதன் வேகம், அதன் பாதை. முக்கியமான அடிகளில் மட்டும் இரண்டும் இசைவாகச் சந்திக்கும்.

ஓய்வு பெற்ற பிறகு நானே ஒரு சிந்தசைசர் வாங்கி இதை முயன்றேன். என் முதல் முயற்சியைச் சொன்னால் சிரிப்பீர்கள். வலது கை ஏறும்போது இடது கையும் அதே அளவு ஏறும், அது இறங்கும்போது இதுவும் இறங்கும். கேட்கக் கம்பீரமாக இருந்தது. பிறகு இடது கை வாசித்ததை மட்டும் தனியாகப் போட்டுக் கேட்டேன். அது வலது கையின் நிழல்! ஒரே வண்டிக்கு இரண்டு இன்ஜின் மாட்டியதுபோல. இரண்டு குரல்கள் எப்போதும் ஒரே இடைவெளியில், அதிலும் ஐந்தாம் ஸ்வர இடைவெளியிலோ எட்டாம் ஸ்வர இடைவெளியிலோ, சேர்ந்தே நகரக்கூடாது என்று மேற்கத்திய சங்கீதப் புத்தகங்கள் விதி வகுத்ததன் காரணம் அன்றுதான் விளங்கியது. அப்படி நகர்ந்தால் இரண்டு குரல் ஒன்றாகிவிடும்.

பாக் தன் மூத்த மகன் வில்ஹெல்ம் ஃப்ரீடெமானுக்காக 1720ல், பையனுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது, ஒரு பாட நோட்டு தொடங்கினார். அதில் எழுதிய சிறு பயிற்சிகளைத் திருத்தி 1723ல் இரு குரலுக்கு 15, மூன்று குரலுக்கு 15 என்று தொகுத்தார். அதன் நோக்கத்தையும் முன்பக்கத்தில் எழுதிவைத்தார். மாணவன் முதலில் இரண்டு குரலைத் தெளிவாக வாசிக்க வேண்டும், பிறகு மூன்று குரலை. நல்ல கற்பனைகளைக் கண்டுபிடித்து வளர்க்க வேண்டும். பாடுவதுபோல் வாசிக்க வேண்டும். இசை எழுதுவதிலும் ருசி ஏற்பட வேண்டும் என்பது அதன் சாரம். மகனுக்கு அந்தத் தகப்பன் கொடுத்த பாடத்திலேயே, சொந்தமாக எழுதுவது முதலிலிருந்து இருந்தது. நாம் நம் பிள்ளைகளுக்கு அதை மட்டும் விட்டுவிட்டுப் பாக்கி எல்லாவற்றையும் சொல்லிக்கொடுக்கிறோம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பரோக் காலத்தில் கீ போர்டு வாசிப்பவர் முன் பல சமயம் கீழ்க்குரல் ஒன்றும் அதன்கீழ்ச் சில எண்களும் மட்டுமே இருக்கும். மற்றதை அவர் அந்த நொடியிலேயே தன் அறிவால் நிரப்ப வேண்டும். நம் வித்வான்களின் மனோதர்மத்துக்கு மிக நெருங்கியது இது. இன்று கீ போர்டில் ஒரு விரலை ஊன்றினால் மெஷின் நிரப்புகிறதே, அது அந்த வேலைதான். பிள்ளையின் மூளை செய்ய வேண்டியதை நாமே காசு கொடுத்து மெஷினிடம் ஒப்படைத்துவிட்டோம்.

அப்படியானால் சிந்தசைசரே வேண்டாமா? வேண்டும். 1968ல் அமெரிக்காவில் வெண்டி கார்லோஸ் ‘ஸ்விட்ச்டு-ஆன் பாக்’ என்ற இசைத்தட்டை வெளியிட்டார். பாக்கின் இசை முழுவதும் மூக் சிந்தசைசரில். அந்தக் கருவியில் ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான் ஒலிக்கும். ஆகவே ஒவ்வொரு குரலையும் தனித்தனியாக டேப்பில் பதிவு செய்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். கருவியின் குறையே அவரைப் பாக்கின் வழியில் நடத்தியது என்று சொல்லலாம். பத்து லட்சத்துக்கு மேல் விற்ற அந்தத் தட்டுக்கு 1970ல் மூன்று கிராமி விருதுகள் கிடைத்தன. இன்றைய கருவியில் பல ஸ்வரங்கள் ஒரே சமயத்தில் ஒலிக்கும். ஆனால் அதிலும் தனித்தனி டிராக்கில் பதிவு செய்யும் வசதி பல மாடல்களில் இருக்கிறது. அதைத் திறந்து பார்ப்பவர்கள்தான் குறைவு.

நம்மவர் ஒருவரின் உதாரணமும் உண்டு. பண்ணைப்புரத்திலிருந்து வந்த இளையராஜா சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய சங்கீதம் பயின்றார். 1986ல் ‘ஹவ் டு நேம் இட்’ என்ற இசைத்தொகுப்பை வெளியிட்டுத் தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பித்தார். அதில் பாக்கை வீட்டில் சந்தித்ததாகவே ஒரு பகுதிக்குப் பெயர் வைத்திருக்கிறார். வி. எஸ். நரசிம்மனின் வயலின் ராகத்தைப் பாட, சுற்றியுள்ள தந்திக் கருவிகள் பரோக் முறையில் பின்னிப் பின்னிப் போகும். அவர் ஒவ்வொரு கருவிக்கும் தாளில் எழுதிக் கொடுப்பவர் என்பது எல்லோரும் அறிந்தது. சிந்தனை முதலில், கருவி பிறகு.

"இது அந்நிய சங்கீதம், தமிழ்ப் பிள்ளைகளுக்கு எதற்கு?" என்று சில பெரியவர்கள் கேட்பார்கள். 1706ல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கியபோது பாக்குக்கு 21 வயது. அந்த ஜெர்மன் மிஷனரிகளோடு வந்த லுத்தரன் பாட்டு மெட்டுகள் தமிழ்ச் சொற்களோடு பாடப்பட்டன. அதே பரம்பரை மெட்டுகளைத்தான் பாக் அங்கே நான்கு குரலுக்கு எழுதிக்கொண்டிருந்தார். அவற்றில் சில இன்றும் நம் சபைகளில் ஞானப்பாட்டுகளாக ஒலிக்கின்றன. இன்னொரு பக்கம், பாலுசுவாமி தீட்சிதர் வயலினை எடுத்து நம் சங்கீதத்துக்கு உரியதாக்கினார். அவர் அண்ணன் முத்துசுவாமி தீட்சிதர் மேல்நாட்டு மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்யம் செய்தார். வாசல் எப்போதோ திறந்தாயிற்று.

ராகம் கெட்டுவிடும் என்ற கவலை மட்டும் நியாயமானது. கீ போர்டின் கட்டைகளுக்குக் கமகம் வராது. தோடியையும் சஹானாவையும் அதில் ஏற்றினால் எலும்புதான் மிஞ்சும். ஆகவே அவற்றைத் தொட வேண்டாம். சங்கராபரணத்தின் ஸ்வரங்கள் அவர்களுடைய மேஜர் ஸ்கேல். கீரவாணியின் ஸ்வரங்கள் ஹார்மோனிக் மைனர். பிள்ளைகள் தொடங்குவதற்கு இந்த இரண்டு போதும்.

போன கோடை விடுமுறையில் பன்னிரண்டு வயதுப் பேத்தி வந்திருந்தாள். தாளப் பொத்தானை அணைத்தேன். "தாத்தா, ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு" என்றாள். "அந்த இடத்துல நீ ஏதாவது வைம்மா" என்றேன். ஹார்ப்சிகார்ட் ஒலியைத் தேர்ந்தெடுத்தோம். உண்மையான ஹார்ப்சிகார்டில் ஒரு சிறு இறகுத்தண்டு தந்தியை மீட்டும். கட்டையை ஓங்கி அழுத்தினாலும் மெல்ல அழுத்தினாலும் சத்தம் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே விரலின் வேகத்தால் சத்தம் மாறும் வசதியையும் அணைத்தோம். இனி சத்தத்தைக் கூட்டிக் குறைத்து ஒப்பேற்ற முடியாது; மெட்டுதான் பேச வேண்டும்.

கீரவாணியில் இரண்டு ஆவர்த்தனம் அவளே ஒரு மெட்டு செய்தாள். அதை முதல் டிராக்கில் பதிவு செய்தோம். அது முடிந்ததும் இடது கை அதே மெட்டை ஒரு ஸ்தாயி கீழே தொடங்க வேண்டும். அப்போது வலது கை என்ன செய்வது? அங்கேதான் இரண்டு நாள் ஆனது. கீழ்க்குரல் ஓடும்போது மேல்குரல் நிதானிக்க வேண்டும். அது நிற்கும்போது இது ஓட வேண்டும். அழுத்தமான அடிகளில் மூன்றாம் ஸ்வர இடைவெளியோ ஆறாம் ஸ்வர இடைவெளியோ இருந்தால் இனிக்கும். இவ்வளவுதான் நான் சொன்னது. மூன்றாம் நாள் ஒவ்வொரு டிராக்கையும் தனியாகக் கேட்டோம். இரண்டும் தனித்தனியே பாடின. பிறகு சேர்த்துக் கேட்டோம். மொத்தம் அரை நிமிஷ இசை. அவள் அதை எத்தனை தரம் போட்டுக் கேட்டாள் என்பதற்குக் கணக்கில்லை. ஊருக்குப் போகும்போது, "தாத்தா, மூணாவது ஒரு குரல் வைக்கலாமா?" என்று கேட்டாள். பாக்கின் நோட்டும் அந்த வரிசையில்தான் போகிறது என்று சொல்லி அனுப்பினேன்.

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். வரும் பொங்கல் விழாவில் பிள்ளைகளுக்குப் பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். மூன்றே நிபந்தனை: மெட்டு சொந்தமாக இருக்க வேண்டும், குரல் இரண்டு இருக்க வேண்டும், தாளப் பொத்தான் அணைந்திருக்க வேண்டும். பரிசு தேவையில்லை. தவறு இருந்தாலும் பாதகமில்லை.

அந்தக் காலத்தில் ஆல்ட்டோவும் டெனரும் பேஸும் பாடியவர்கள் இன்னும் ராபர்ட்சன்பேட்டையிலும் சாம்பியன் ரீஃப்பிலும் ஊர்காமிலும் இருக்கிறார்கள். பெரும்பாலோர் எழுபதைத் தாண்டியவர்கள். உங்கள் பழைய பாட்டு நோட்டுகளைத் தூசி தட்டி எடுங்கள். உங்கள் குரலுக்குரிய வரியை ஒரு பேரப்பிள்ளைக்காவது பாடிக் காட்டுங்கள். பிள்ளை அதைக் கீ போர்டில் தேடிப் பிடிக்கட்டும். அந்த வரிகளில் பல தாளில் கிடையாது, உங்கள் நினைவில்தான் இருக்கின்றன. நீங்கள் இருக்கும்போதே அதைச் செய்துவிட வேண்டும்.