கோழைத்தனம் என்னும் பழி

கோலசிலாங்கூர், தஞ்சோங் காராங், பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்டங்களின் ஆலயத் திருவிழா மேடைகளில் ஒரே பிரசங்கத்தைப் பல்லாண்டுகளாகக் கேட்டு மனம் புண்பட்டிருக்கிறேன்: “தற்கொலை கோழையின் காரியம், பையன்களைப் பட்டாளத்தில் சேர்த்தால் நெஞ்சுரம் தானே வரும், இதைப் பற்றிப் பேசினாலே இளசுகள் கெட்டுப்போகும்.”

பேசினால் கெடும் என்பது பொய். சாகும் எண்ணம் உண்டா என்று அன்போடு நேரே வினவுவதால் அவ்வெண்ணம் புதிதாய் முளைப்பதில்லை என்பதை ஆராய்ச்சிகள் நிரூபித்துவிட்டன.

பட்டாளம் போனால் சரியாகும் என்பவர், அப்பட்டாளமே என்ன செய்தது என்பதை அறியார். அமெரிக்க விமானப்படை, தன் வீரரிடையே தற்கொலை பெருகியது கண்டு 1996இல் ஒரு திட்டத்தைத் தொடங்கி, கலங்கியவனை அடையாளங்காணவும் அவனிடம் பேசவும் சிகிச்சைக்கு அனுப்பவும் படையினருக்குப் பயிற்சியளித்து, உதவி நாடுவது இழிவன்று என்று தளபதிகளைக்கொண்டே அறிவிக்கச் செய்தது. தொடர்ந்த ஆண்டுகளில் தற்கொலை அபாயம் 33 சதவீதம் குறைந்தது. மரணத்தை எதிர்நோக்கப் பழகிய வீரனுக்கே தேவைப்பட்ட இப்பயிற்சியைச் செம்பனைத் தோட்டத்து இளைஞனுக்கு மறுப்பது என்ன தர்மம்?

கோழைத்தனம் என்ற மூலவாதத்தை ஈழத் தீவின் அனுபவமே தகர்த்துவிடுகிறது. 1995இல் இலங்கையில் லட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் மாண்டனர். அவ்வாண்டிலும் 1998இலும் கொடிய பூச்சிமருந்துகளை அரசு தடை செய்யவே, யுத்தம் முடிவுறாமலும் வறுமை தீராமலும் குடி குறையாமலும் இருந்த அதே காலத்தில், 2005க்குள் அவ்விகிதம் ஏறக்குறைய பாதியாயிற்று. அந்தப் பத்தாண்டில் ஒரு தேசத்து ஜனங்களெல்லாம் திடீரென்று தைரியசாலிகள் ஆகிவிட்டார்களா? இல்லை, நெருக்கடி நிமிஷத்தில் கைக்கெட்டிய விஷம் எட்டாமற்போயிற்று, அந்த நிமிஷம் கடந்தது, மனிதர் பிழைத்தனர். முயன்று பிழைத்தவருள் பத்தில் ஒன்பது பேர் பிறகு தற்கொலையால் இறப்பதில்லை என்பதும் அறியப்பட்ட உண்மை. பிறவிக் கோழைகளாக இருந்தால், அவர்கள் அத்தனை பேரும் எப்படி வாழ்ந்து முடித்தார்கள்? மருந்து அடிக்கும் பெண்களின் உடலை நாசம் செய்த பாராகுவாட் களைக்கொல்லியை நம் மலேசியா 2002இல் தடுத்து, 2006இல் தளர்த்தி, 2020 ஜனவரி முதல் தேதிதான் முற்றாக விலக்கியது. தளர்த்திய அந்தக் காலத்தில் இழந்த உயிர்களுக்கும் கோழைத்தனமே காரணம் என்று மேடையேறிச் சொல்ல இவர்களுக்கு எப்படி மனம் வருகிறது?

சட்டமும் இப்பழிக்கு நெடுநாள் துணைநின்றது. தற்கொலை முயற்சிக்கு ஓராண்டுவரை சிறை விதிக்க இடமளித்த தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவை மக்களவை 2023 மே மாதத்தில்தான் நீக்கியது. அதுவரை போலீஸுக்கு அஞ்சிக் குடும்பங்கள் உண்மையை மறைத்தன. சட்டம் திருந்திய பின்னும் மேடை திருந்தவில்லை.

பால்மரம் அழிந்து, தோட்டம் விற்கப்பட்டு, வீடும் கோயிலும் பள்ளியும் இடம்பெயர்ந்த சமூகத்தை நோக்கி, உன் நெஞ்சில் உரமில்லை என்பது நியாயமற்ற பேச்சு. பட்டாளத்தைத்தான் பின்பற்ற வேண்டுமெனில் அதன் பயிற்சியைப் பின்பற்றுங்கள். மண்டோருக்கும் ஆலய நிர்வாகத்தாருக்கும் தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்கும், நேரே கேட்கவும், தனியே விடாதிருக்கவும், தஞ்சோங் காராங் மருத்துவமனைக்கு உடன் அழைத்துச் செல்லவும் கற்பியுங்கள். மருந்துக் கிடங்கின் சாவியைப் பொறுப்பானவரிடம் கொடுங்கள். மனம் கலங்கியவருக்குச் செவிகொடுக்க 1970 முதல் இயங்கும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் 03-7627 2929 என்ற எண்ணை அடுத்த திருவிழா அழைப்பிதழிலேயே அச்சிடுங்கள்.