மகிழுந்தும் மதிப்பெண்ணும்

'கார்' என்பதற்கு 'மகிழுந்து' என்று தமிழில் பெயரிட்டவர் யாராயினும் அவர் நன்னோக்கு உடையவராதல் வேண்டும். பலரை ஏற்றிச் செல்வது பேருந்து. சரக்கை ஏற்றிச் செல்வது சரக்குந்து. மகிழ்வைத் தருவது மகிழுந்து. 2021-ஆம் ஆண்டு முதல் சிறியதொரு மகிழுந்துக்கு உரிமையாளராக இருந்துவரும் நாம், அச்சொல்லின் முற்பகுதியைப் பற்றி அவ்வப்போது எண்ணிப் பார்ப்பதுண்டு. வண்டியின்மீது நமக்குக் குறையொன்றுமில்லை. அதனைப் பேணும்பொருட்டு ஆண்டுதோறும் நாம் சென்று நிற்கும் கண்ணாடி மாளிகையும், அங்கே நம் பழைய மாணவர் ஒருவர் நம்மிடம் கேட்ட பத்து மதிப்பெண்ணுமே நம் நெஞ்சை உறுத்திக்கொண்டிருக்கின்றன.

நாம் சிறுவராயிருந்த காலத்தில் நம் இல்லத்தில் பழைய பிரீமியர் பத்மினி ஒன்று நின்றது. தோல் வணிகத்தில் இருந்த அத்தா அதனை வேறொருவரிடமிருந்து வாங்கியிருந்தார்கள். அந்நாளில் புதிய கார் வாங்குவதென்பது பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதாகும். வங்கத்து உத்தரபாராவில் உருவான அம்பாசிடர், மும்பை குர்லாவில் உருவான பத்மினி, நம் சென்னையின் புறத்தே உருவான ஸ்டாண்டர்டு என்று விரல்விட்டு எண்ணத்தக்க வண்டிகளே இருந்தன. 1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800-இன் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி உரியவர் கையில் ஒப்படைத்த பின்னரே காற்று திசைமாறத் தொடங்கிற்று. எனினும் அக்காற்று நம் தெருவை வந்தடையப் பத்தாண்டுக்கு மேலாயிற்று.

அத்தாவின் வண்டியைப் பேணியவர், திருச்சியில் ஒரு வேப்பமரத்தடியில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக் அண்ணன். நீண்ட திருப்புளியின் நுனியை ஓடுகின்ற எஞ்சினின்மீது ஊன்றி, அதன் பிடியைக் காதோடு சேர்த்துக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். நாடி பார்க்கும் மருத்துவரைப் போன்ற அத்தோற்றம் நம் நினைவில் இன்றும் அழியாதிருக்கின்றது. பின்னர்க் கண்ணைத் திறந்து, "பாய், கிளட்ச் பிளேட் இன்னும் ஆறு மாசம் தாங்கும். நோன்புப் பெருநாள் கழிச்சுப் பார்த்துக்கலாம். இப்ப பணத்தை வீணாக்காதீங்க" என்பார். தமக்கு வரவேண்டிய கூலியைத் தாமே தள்ளிப்போட்ட அச்சொல்லின் அருமை அன்று நமக்குத் தெரியவில்லை.

புறநானூற்றின் 87-ஆம் பாட்டைக் கற்பிக்கும்போதெல்லாம் நமக்கு அவர் நினைவே வரும். நாளொன்றுக்கு எட்டுத் தேர் செய்யவல்ல தச்சன் ஒருவன், ஒரு திங்கள் முழுதும் கருத்தூன்றிச் செய்த ஒற்றைத் தேர்க்கால் போன்றவன் அதியமான் என்கின்றார் ஔவையார். தொழில் வல்லானுக்கு விரைவும் தெரியும், விரையாமையும் தெரியும் என்பதை இதனினும் தெளிவாகச் சொல்ல முடியுமா என்று மாணவரைக் கேட்போம். நிற்க, பழமையைப் பொன்வண்ணம் பூசிக் காட்டுவது நம் நோக்கமன்று. அண்ணன் 'நாளைக்கு' என்றால் நான்கு நாள் என்பது பொருள். பற்றுச்சீட்டு என்பது அங்கே இல்லை. போலி உதிரிப்பொருள்களும் சிலபோது வண்டியில் ஏறியிருக்கும். அனைத்தினும் கொடிது, பள்ளியில் இருந்திருக்க வேண்டிய பன்னிரண்டு வயதுச் சிறுவர் இருவர் அங்கே மண்ணெண்ணெயில் கைகளை ஊறவைத்து உறுப்புகளைக் கழுவிக்கொண்டிருந்தனர் என்பதாகும். ஆசிரியப் பணியில் இருக்கும் நாம் அதனை மறைத்துவிட்டு அவரைப் புகழ்தல் அறமாகாது.

1993-இல் கார் உற்பத்திக்கான உரிமமுறை நீக்கப்பட்டது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ வெளிவந்தது. 2000-ஆம் ஆண்டில் புகைக்கட்டுப்பாட்டு விதிகள் இறுகின. கார்புரேட்டர் போய், எரிபொருளை அளந்து பீய்ச்சும் கருவியும் அதனை ஆளும் சிறு கணினியும் வண்டிக்குள் குடிபுகுந்தன. 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 விதிகளால் அவ்வண்டிக்குள் உணர்விகள் மேலும் பெருகின. காற்று மாசு குறைவதற்கு இவை வேண்டியனவே. இதில் நமக்கு மாறுபாடில்லை. ஆயினும் திருப்புளியின் வழியே கேட்ட காதுக்கு இக்கணினி ஒன்றும் சொல்வதில்லை. அதனோடு பேச வேறொரு கருவி வேண்டும். அக்கருவி பட்டறைக்கு எளிதில் எட்டவில்லை.

நாம் வண்டி வாங்கிய கதையையும் ஈண்டுச் சுருங்கச் சொல்லிவிடலாம். வட்டிக்குக் கடன் பெறுவதில்லை என்பது அத்தா காலத்திலிருந்து நம் இல்லத்தில் காத்துவரும் நெறியாதலின், ஏழாண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்துக்கொண்டு ஷோரூமுக்குச் சென்றோம். முழுப் பணமும் தருகின்றோம் என்றால் கைகூப்பி வரவேற்பார்கள் என்று எண்ணியது நம் பேதைமை. விற்பனை இளைஞரின் முகம் சற்றே வாடிற்று. "லோன் போட்டா நல்லது சார்" என்று மும்முறை சொன்னார். வங்கிக் கடனை ஏற்பாடு செய்து கொடுத்தால் டீலருக்கு வங்கியிடமிருந்து ஒரு பங்கு கிடைக்கும் என்பது நமக்குப் பின்னரே தெரிந்தது. கடன் வாங்காதவன் குறைபட்ட வாடிக்கையாளன் என்னும் ஒரு காலத்திற்கு வந்து சேர்ந்திருக்கின்றோம். அவ்வாண்டு உலகெங்கும் மின்னணுச் சில்லுகளுக்குத் தட்டுப்பாடு நிலவியதால் நான்கு திங்கள் காத்திருந்தோம். அத்தா இருந்திருந்தால் சிரித்திருப்பார்கள்.

சர்வீஸ் மாளிகையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். குளிரூட்டிய கூடமும் தேநீர் தரும் பொறியும் நாளிதழ்களும் அங்கே உண்டு. பெரியதொரு கண்ணாடிச் சுவருக்கு அப்பால் நம் வண்டி தூக்கி நிறுத்தப்பட்டிருக்கும். 'வாடிக்கையாளர் உள்ளே வரக்கூடாது' என்னும் பலகை நம்மை நிறுத்திவிடும். வண்டியைத் தொட்டுப் பணி செய்பவர் யாரென்று நமக்குத் தெரியாது; நாம் யாரென்று அவருக்கும் தெரியாது. இருவருக்கும் இடையே கையில் கணினிப் பலகையுடன் நிற்பவர் 'சர்வீஸ் அட்வைசர்' எனப்படுகின்றார். நம் பகுதிக்கு வாய்த்த அட்வைசர், எட்டாண்டுகளுக்கு முன் நம் துறையில் இளங்கலை பயின்று சென்றவர்.

சென்ற ஆண்டு சர்வீஸுக்கு விட்டபோது, எண்ணெய் மாற்றுதல் தவிர வேறொன்றும் வேண்டாவென்று சொல்லிவிட்டு அமர்ந்தோம். பற்றுச்சீட்டு வந்தது. குளிர்சாதனத்தின் கிருமி நீக்கம் என்று ஒரு வரி இருந்தது. தொள்ளாயிரம் ரூபாய், அதன்மேல் வரி. தம்பியை அழைத்துக் கேட்டோம். அவர் முகம் சுருங்கியது. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "ஐயா, இந்த மாசம் இன்னும் நாலு வண்டிக்கு இதைப் போட்டாகணும். இல்லைன்னா எனக்கு ஊக்கத்தொகை வராது. உங்களுக்கு வேண்டாம்னா அந்தப் பணத்தை நான் கட்டிடறேன் ஐயா" என்றார். கடைசிச் சொற்றொடர்தான் நம்மைக் கலங்கவைத்தது. வேறொருவராயிருப்பின் வாதிட்டிருப்போம். பணத்தைக் கட்டிவிட்டு வந்தோம்.

மறுநாள் காலையில் அவரே தொலைபேசியில் அழைத்தார். "ஐயா, கம்பெனியிலிருந்து கேட்பாங்க. பத்துக்குப் பத்து சொல்லிடுங்க. ஒன்பதுன்னா அதுவும் எங்களுக்குக் கறுப்புப் புள்ளிதான்" என்றார். வகுப்புத் தேர்வொன்றில் நாம் அவருக்குப் பத்துக்கு ஆறு அளித்தது நினைவுக்கு வந்தது. அன்று அவர் முறையிடவில்லை. விடைத்தாளை எடுத்துக்கொண்டு வந்து எவ்விடத்தில் நான்கு குறைந்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போனார். அத்தகைய மாணவரை, பெறாத மதிப்பெண்ணை இரந்து நிற்கும் நிலைக்குக் கொண்டுவந்து நிறுத்தியது எது?

அவரைக் குறை கூறுதல் எளிது; நாம் அதனைச் செய்ய மாட்டோம். டீலரையே முழுமையாகப் பழிப்பதும் பொருந்தாது. புதிய வண்டியை விற்பதில் அவருக்குக் கிடைக்கும் பங்கு குறைவு. காப்பீட்டிலும் கடனிலும் சர்வீஸிலும்தான் அவர் அதனை ஈடுகட்டுகின்றார். ஜெனரல் மோட்டார்ஸ் 2017-இல் இந்திய விற்பனையை நிறுத்திற்று. மறைமலைநகரில் ஆலை வைத்திருந்த ஃபோர்டு 2021-இல் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. கோடிகளைக் கொட்டி விற்பனைக்கூடம் கட்டியவர்கள் அப்போது என்ன செய்வதென்று அறியாது திகைத்தனர். மேலிருப்பவர் டீலருக்கு இலக்கு வைக்கின்றார். டீலர் மேலாளருக்கு வைக்கின்றார். மேலாளர் தம்பிக்கு வைக்கின்றார். இலக்கு வைக்க எவரும் எஞ்சாத இடத்தில் நாம் நிற்கின்றோம்.

நம்மை அங்கே கட்டிப்போட்டிருப்பது உத்தரவாதம் என்னும் கயிறாகும். வெளியில் வண்டியைத் திறந்தால் உத்தரவாதம் போய்விடும் என்னும் அச்சம் இல்லையெனில் நாம் வேப்பமரத்தடிக்கே சென்றிருப்போம். இவ்வச்சம் நம் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்கள்மீது 2,544 கோடி ரூபாய்க்கும் மேலாகத் தண்டம் விதித்தது. உதிரிப்பொருள்களையும் பழுதறியும் கருவிகளையும் தனிப்பட்டறைகளுக்குக் கிடைக்காமல் செய்ததே குற்றம் என்றது. வெளியில் பழுதுபார்த்தார் என்பதற்காகவே ஒருவருடைய உத்தரவாதத்தை ஒட்டுமொத்தமாக மறுத்தல் கூடாதென்றும் ஆணையிட்டது. நிறுவனங்கள் மேல்முறையீட்டிற்குச் சென்றன. 2022-இல் நடுவணரசு பழுதுபார்க்கும் உரிமை பற்றி ஆராய ஒரு குழுவை அமைத்து, அவ்வாண்டு டிசம்பரில் அதற்கென ஓர் இணையவாயிலையும் திறந்தது. சட்டம் மெல்ல நடக்கின்றது. பட்டறைகள் அதனினும் விரைவாக மூடப்பட்டு வருகின்றன. விலை கொடுத்து வாங்கிய பொருளைத் தாம் விரும்பியவரிடம் திறந்து காட்டும் உரிமை ஒருவர்க்கு இல்லையெனின், அவரை உரிமையாளர் என்று அழைப்பது எங்ஙனம் பொருந்தும்? தமிழில் அச்சொல்லுக்குள்ளேயே 'உரிமை' இருக்கின்றது.

மதிப்பெண்ணுக்கு வருவோம். இருபதாண்டு ஆசிரியப் பணியில் பெறாத மதிப்பெண்ணை எவர்க்கும் இட்டதில்லை என்பது நாம் நமக்குள் வைத்திருந்த சிறு செருக்கு. அன்று மாலை நிறுவனத்திலிருந்து ஒரு பெண்குரல் கேட்டபோது, "பத்து" என்றோம். இரவு உறக்கம் வரவில்லை. பொய்ச்சான்று சொன்னோமா, ஓர் இளைஞனின் ஊதியத்தைக் காத்தோமா என்று இரண்டு பக்கமும் மனம் வழக்காடிற்று. இரண்டையும் செய்தோம் என்பதே உண்மை. பேராசிரியப் பெருமக்கள் நம்மைக் கடிந்துகொள்ளுமுன் ஒன்று நினைவுகூர வேண்டும். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் 'நாக்' குழு 1994-இல் அமைந்தது. இன்று அதன்பொருட்டு நாமும் மாணவரிடம் கருத்துப் படிவத்தை நீட்டுகின்றோம். நீட்டும்போது, "நல்லபடியா நிரப்புங்க தம்பி" என்று நம்முள் எவரும் சொன்னதேயில்லையா?

உத்தரவாதக் காலம் முடிந்த மறுமாதமே, எச்சரிக்கை விளக்கொன்று எரிந்ததும் வண்டியை வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோனோம். மெக்கானிக் அண்ணன் இப்போது நாற்காலியில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருக்கின்றார். பட்டறையை மகன் நடத்துகின்றார். மண்ணெண்ணெயில் கை வைக்கும் சிறுவர் எவரும் அங்கில்லை. மகன், கடன் வாங்கி ஒரு பழுதறியும் கருவி வைத்திருந்தார். அதனை ஸ்டீயரிங்கின் கீழே செருகிச் சிறிது நேரம் பார்த்தார். அண்ணன் தம்மை அறியாமல் காதைச் சாய்த்தார்.

"இந்த அளவுக்குத்தான் ஐயா திறக்குது. இதுக்கு மேல கம்பெனிக்காரங்க பூட்டு வச்சிருக்காங்க. நீங்க அங்கேதான் போகணும்" என்றார் மகன். கூலி வாங்க மறுத்துவிட்டார். அண்ணன் எழுந்து வந்து வண்டியின் மூடியைத் தடவிப் பார்த்து, "அத்தாவோட வண்டி எப்பவும் பேசும் தம்பி" என்று மட்டும் சொன்னார்.

வண்டியைத் திருப்பிக்கொண்டு சென்றோம். கண்ணாடிக் கதவைத் திறந்து, "வாங்க ஐயா" என்று எதிரே வந்தவர் நம் மாணவரே. கையில் கணினிப் பலகை இருந்தது.